ரோஜா வளர்ப்பில் நாம் அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

ரோஜாச் செடி வாடினால் தண்ணீர் ஊற்றுகிறோம். இலை மஞ்சளானால் உரம் வைக்கிறோம். புள்ளி தெரிந்தால் மருந்து அடிக்கிறோம். என்ன கோளாறு என்று பார்ப்பதற்குள் மூன்றையும் செய்து முடித்துவிடுகிறோம். நான் பறிகொடுத்த ரோஜாக்களில் பூச்சியால் போனவை குறைவு. அவசரத்தால் போனவைதான் அதிகம்.

தண்ணீரில் தொடங்கலாம். வாடும் செடி எல்லாம் தாகத்தால் வாடுவதில்லை. மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈரத்தில் நின்றுகொண்டே இலை தொங்கும். அதைப் பார்த்து இன்னும் ஒரு குவளை ஊற்றினால் கதை முடிந்தது. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். வெயில் உச்சியில் கொழுந்துகள் மட்டும் துவண்டு, சாயங்காலம் தானே நிமிர்ந்தால் அது சூட்டினால் வந்த வாட்டம், கவலை வேண்டாம். உள்ளேயும் காய்ந்திருந்தால் அப்போது தொட்டியின் அடித்துளை வழியே வடியும் வரை நன்றாக ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்மண்தான் நனையும்.

ஊற்றும்போது அடியில் ஊற்றுங்கள், இலைமேல் அல்ல. கரும்புள்ளி நோயின் பூஞ்சை வித்து முளைத்து இலைக்குள் புக, இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். சாயங்காலம் செடியைக் குளிப்பாட்டினால் இரவெல்லாம் அந்த ஈரம் அப்படியே நிற்கும். காலையில் ஊற்றினால், தப்பித் தவறி இலை நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும். வெள்ளையாக மாவு பூசியதுபோல் வரும் சாம்பல் நோய் இதற்கு நேர்மாறு. அதற்கு இலை நனைய வேண்டியதே இல்லை. நெருக்கமாக, காற்றோட்டம் இல்லாமல், நிழலில் நிற்கும் செடியில் வரும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதும் தவறுதான்.

அடுத்தது, வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றுவது. இடம் மாறிய செடி ஒரு வாரம் பத்து நாள் வெளிச்சமான நிழலில் பழகட்டும். பிறகு பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் அப்படியே எடுத்து வையுங்கள். மெல்லிய வேர்கள் அந்தக் கட்டிக்குள்தான் இருக்கின்றன. தொட்டி 12 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். புதுத்துளிர் வரும்வரை உரமும் வேண்டாம். அப்புறம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில். இதில் மட்டும் சமரசமே கிடையாது.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. நாற்றுப்பண்ணையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். கீழே வலுவான ஒரு காட்டு ரோஜாவின் வேர், மேலே நாம் விரும்பும் ரகம். தண்டின் அடியில் முண்டு போலப் புடைத்திருப்பதுதான் ஒட்டு. என்னிடம் அடர்சிவப்பு ரோஜா ஒன்று இருந்தது. ஒரு பருவத்தில் அதிலிருந்து நெடுநெடுவென்று பச்சைக் கிளை ஒன்று கிளம்பியது. செடி தேறிவிட்டது என்று பூரித்து, அதற்குக் குச்சிகூட நட்டுக் கட்டினேன். கிளை உயர உயர மற்றக் கிளைகள் மெலிந்தன, பூவே வரவில்லை. கடைசியில் அடிமண்ணை விலக்கிப் பார்த்தேன். அந்தக் கிளை ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்திருந்தது. செடியின் சத்தையெல்லாம் காட்டு ரோஜா தின்றுகொண்டிருந்தது.

ஓர் இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று சொல்வார்கள். அதை மட்டும் நம்பி வெட்டிவிடாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு வருவதுண்டு. மண்ணை விலக்கி, கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பதுதான் வழி. ஒட்டுக்குக் கீழே என்றால் கத்தரிக்காமல், அடியோடு பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். கத்தரித்தால் மிச்சமுள்ள அடியிலிருந்து மறுபடி கிளைக்கும்.

கவாத்துக்குப் பயப்படுபவர்களும் உண்டு, கண்டபடி வெட்டுபவர்களும் உண்டு. காய்ந்த கிளை, உள்நோக்கி வளரும் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவற்றை முதலில் எடுங்கள். மற்றவற்றில், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, கூரான கத்தரியால் வெட்டுங்கள். அதிகம் விட்டால் அந்தத் துண்டு காய்ந்து கருகும். நுனியிலிருந்து கறுத்து வரும் கிளையை, வெட்டிய முகத்தில் பழுப்பு இல்லாமல் வெள்ளை தெரியும்வரை இறக்கி வெட்ட வேண்டும். வாடிய பூவைச் செடியிலேயே விடாதீர்கள். வருடத்தில் ஒரே முறை பூக்கும் பழைய ரகமாக இருந்தால் பூத்து முடிந்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். முன்பே வெட்டினால் அந்த வருடப் பூ போய்விடும்.

உரத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி தளதளவென்று இலையாக வளரும், பூ குறையும். அந்த இளந்தண்டைத் தேடி, சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி வரும். காய்ந்த மண்ணில் உரம் போட்டால் வேர் கருகும். ஈரம் பார்த்து, தண்டைவிட்டுத் தள்ளி, அளவாக வையுங்கள்.

சரி, பூச்சிமருந்து. புதுத்துளிர் செம்பழுப்பாக இருப்பது பல ரகங்களுக்கு இயல்பு, அது நோயல்ல. அசுவினி கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே உதிர்ந்துவிடும். வேப்பெண்ணெயை உச்சிவெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும், சாயங்காலம் தெளியுங்கள். இலை நிறம் மங்கி, ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் சிலந்திப்பேனாக இருக்கலாம். அது பூச்சி இனமே அல்ல. சாதாரணப் பூச்சிமருந்துகள் பலவும் அதை விட்டுவிட்டு, அதைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொல்லும். எனவே முதலில் ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த தூசி நகர்ந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கம் படும்படி தினமும் காலையில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். நகரவில்லை என்றால் அது வெறும் தூசி. மருந்துப் புட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.