பழைய கார் புகைப் பரிசோதனையில் தேற: ரீயூனியன் தீவில் முதல் கார் வாங்கியவர்களுக்கு

கார் பதிவாகி 4 ஆண்டு முடிவதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் முதல் கொந்த்ரோல் தெக்னிக், அதாவது கட்டாய வாகனப் பரிசோதனை. பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. ஊரிலிருந்து வந்து பழைய கார் வாங்கும் நம்மவர்கள் அதிகம் பயப்படுவது புகைக்குத்தான். முன்கூட்டியே சில வேலைகளைப் பார்த்துவிட்டால் பயம் வேண்டாம்.

முதலில் டாஷ்போர்டைப் பாருங்கள். மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தால் அதைச் சரிசெய்யாமல் போகவே வேண்டாம். முந்தின நாள் கோளாறுப் பதிவை மட்டும் அழித்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கோளாறு அப்படியே இருக்கும், விளக்கும் திரும்பி வரும்.

அடுத்து ஏர் ஃபில்டர். அடைத்திருந்தால் காற்று குறையும், டீசல் கரும்புகை கக்கும். விலை குறைவு, நீங்களே மாற்றலாம். என்ஜின் ஆயிலும் அளவுக் கம்பியின் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கட்டும்.

டீசல் காரென்றால் டைமிங் பெல்ட் (என்ஜின் பாகங்களை ஒத்திசைவாகச் சுழற்றும் பட்டை) எப்போது மாற்றியது என்று கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பரிசோதனையில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பார்கள்; காலம் கடந்த பெல்ட் அறுந்தால் என்ஜினே போய்விடும். பிறகு கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியுள்ள சிறு தகட்டைத் தேடுங்கள். அதில் 1.50 போல ஓர் எண் இருந்தால் அதுதான் உங்கள் காரின் புகை வரம்பு. இல்லையென்றால் பொது வரம்பு: டர்போ இல்லாத பழைய வண்டிக்கு 2.5, டர்போவுக்கு 3, 2008 ஜூலைக்குப் பின் வந்தவற்றுக்கு 1.5.

பெட்ரோல் காரில் அளப்பது கார்பன் மோனாக்சைடும், காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலக்கின்றனவா என்று காட்டும் லாம்ப்டா என்ற எண்ணும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) உள்ள காரில் லாம்ப்டா 0.97 முதல் 1.03 வரை இருக்க வேண்டும். சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து கணக்கைக் கெடுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. திறந்த வெளியில், ஆறிப்போன என்ஜினை ஸ்டார்ட் செய்து, கையுறை போட்டு, ஈரமான தடித்த துணியால் குழாய் வாயை ஒரு கணம் பொத்துங்கள். நடுவில் எங்காவது 'உஸ்' என்று கேட்டால் அங்கேதான் ஓட்டை.

எல்லாவற்றையும்விட முக்கியம், என்ஜின் நன்றாகச் சூடாகியிருப்பது. தலைநகர் சென் தெனியின் நெரிசலில் ஊர்ந்தே பழகிய டீசலில் கரி படிந்திருக்கும். சில நாள் முன்பு இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றி, 2009-இல் திறந்த மேற்குக் கரை விரைவுச் சாலையான ரூத் தெ தமரேனில் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். வேக வரம்புக்குள், நாலாவது கியரில், நிமிடத்துக்கு 3000 சுற்றை ஒட்டியே கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும். பரிசோதனை நாளிலும் அரை மணி ஓட்டிவிட்டு நேரே உள்ளே போங்கள். வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் ஆறிவிடும்.

டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியைக் கழற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம், அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள்.

தேறாவிட்டால் கோந்த்ர் விசித்துக்கு, அதாவது மறுபரிசோதனைக்கு, 2 மாதம் இருக்கிறது. அளவுச் சீட்டைப் பத்திரமாக வைத்து கராஜில் காட்டுங்கள். லாம்ப்டா 1.03-ஐத் தாண்டினால் முதலில் குழாய் ஓட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள், 0.97-க்குக் கீழே போய் கார்பன் மோனாக்சைடும் ஏறியிருந்தால் லாம்ப்டா சென்சாரையும் இன்ஜெக்டரையும். எடுத்த எடுப்பில் கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள், இருப்பதிலேயே விலை கூடியது அதுதான்.