உலோகக் கூரை, சுவர் ஷீட்: பலனைக் கெடுக்கும் தவறுகள்

பளபளவென்று இருக்கிறதே, வெயில் தாக்காது என்று பூச்சில்லாத வெள்ளி நிற ஷீட்டைக் கூரைக்குப் போடுகிறார்கள். அது வெளிச்சத்தைத் திருப்பிவிடும், உண்மைதான். ஆனால் உள்வாங்கிய சூட்டை லேசில் வெளியே விடாது. மதியம் கையை வைத்தால் தெரிந்துவிடும். வெள்ளை அல்லது வெளிர் நிறப் பூச்சுள்ள ஷீட் இரண்டையும் செய்யும்.

அடுத்தது இன்சுலேஷன். 50 மி.மீ. கிளாஸ் ஊலை (கண்ணாடி இழைப் பஞ்சு) பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேல் விரித்து, ஷீட்டை வைத்து முடுக்கினால், பர்லின் வருகிற இடமெல்லாம் பஞ்சு அப்பளமாக நசுங்கும். சூட்டைத் தடுப்பதே பஞ்சுக்குள் இருக்கும் காற்றுதான்; அது போனால் ஒவ்வொரு பர்லினும் சூடு இறங்கும் வழி. ஸ்பேசர் (இடைவெளி தரும் துண்டு) வைத்து ஷீட்டைத் தூக்கிக் கொடுங்கள். ஈரத்தடுப்புத் தாள், சூடும் ஈரமும் வருகிற பக்கம் இருக்க வேண்டும்: குளிர்ப் பகுதியில் அறைப்பக்கம், ஏ.சி. ஓடும் புழுக்கமான பகுதியில் வெளிப்பக்கம். மாறிப்போனால் பஞ்சு ஊறிவிடும்.

ஒழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்க்ரூதான். ரப்பர் வாஷர், ஸ்க்ரூத் தொப்பியின் விளிம்பில் லேசாக எட்டிப் பார்த்தால் போதும். பிதுங்கி வழிந்தால் முடுக்கியது அதிகம். ஷீட் அங்கே குழிந்து தண்ணீர் தேங்கும், ரப்பரும் சீக்கிரம் வெடிக்கும். வாஷர் கையால் சுற்றுகிறதா, முடுக்கியது போதாது.

வெப்பநிலை 50 டிகிரி ஏறி இறங்கினால் 10 மீட்டர் ஸ்டீல் ஷீட் சுமார் 6 மி.மீ. நீளும், அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு. நீளமான ஷீட்டை இரு முனையிலும் அசையாமல் பூட்டினால் துளை இழுபட்டு அகலமாகும். ஒரு முனையை மட்டும் பூட்டி, மற்ற இடங்களில் நகரும் கிளிப் கொடுங்கள்.

கிரைண்டரில் அறுக்கவே கூடாது. வெட்டு விளிம்பில் துத்தநாகப் பூச்சு கருகும். தெறித்த பொறி பெயின்ட்டில் ஒட்டி, சில நாளில் செம்புள்ளியாகத் துருவேறும். கத்தரியோ நிப்ளரோ (தகட்டைக் கொறித்து வெட்டும் கருவி) போதும். துளையிடும்போது உதிரும் இரும்புச் சுருளை அன்றன்றே பெருக்கிவிடுங்கள். செம்பில் பட்டு வழியும் நீர் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும்; ஈரச் சிமென்ட் பட்டாலும் உடனே கழுவ வேண்டும்.

ஷீட் கட்டைத் தரையோடு தரையாகப் போட்டு மழையில் விட்டால், இடுக்கில் நீர் புகுந்து வெள்ளைத் துரு பூக்கும். மரக்கட்டைகள் மேல், ஒருபக்கம் சாய்த்து வையுங்கள்.

உலோகத்தைத் திரும்ப உருக்கலாம் என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: இரு ஷீட்டுக்கு நடுவே ஃபோமை ஒட்டிய சாண்ட்விச் பேனலைப் பிரிப்பது பெரும்பாடு. ஸ்க்ரூவில் மாட்டிய தனி ஷீட்டும் ராக் ஊலும் (பாறை இழைப் பஞ்சு) கழற்றினால் தனித்தனியாக வந்துவிடும்.