மார்பு பெருத்த தம்பிமாருக்கு: ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும்

ஏழு வருடம் நான் பீலியில், தோட்டத்துத் தண்ணீர்க் குழாயடியில், சட்டையோடுதான் குளித்தேன். மற்ற நேரமெல்லாம் ஹட்டன் குளிர் காப்பாற்றியது. ஸ்வெட்டர் போட்டவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

முதலில், உங்களுக்கு இருப்பது மார்பகச் சுரப்பியா வெறும் கொழுப்பா என்று பாருங்கள். மல்லாந்து படுத்து, பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் இரண்டு பக்கமிருந்து காம்பை நோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள். காம்புக்கு நேர் கீழே ரப்பர் துண்டுபோல் தட்டுப்பட்டால் சுரப்பி. வெறும் மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு, உடம்பு இளைத்தால் அதுவும் குறையும். சுரப்பி தண்டால் எடுத்துக் கரையாது. நான் தினமும் நூறு எடுத்துப் பார்த்தவன்.

பதின்ம வயதென்றால் பொறுங்கள். அநேகமாக 2 வருடத்துக்குள் தானாகவே வற்றிவிடும். ஆனால் காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் கல்லுப்போல் கட்டி இருந்தாலோ, விதையில் கட்டி தெரிந்தாலோ பொறுக்கக் கூடாது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அபூர்வம்தான்.

டொக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். ஜிம்மில் போட்ட ஊசி, குடி, வயிற்றெரிச்சலுக்கு எடுத்த சிமெடிடின், வீக்கத்துக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே காரணமாகலாம். ஈரல், தைரொயிட், ஹோர்மோன் பார்க்க இரத்தம் எடுப்பார்கள். சிகரெட்டைச் சில வாரம் முன்பே விட வேண்டும், இல்லாவிட்டால் காயம் ஆறச் சுணங்கும்.

ஒப்பரேஷன் மயக்க மருந்து கொடுத்துத்தான். காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டத்தின் கீழ் ஓரத்தில் அரை வட்டமாகக் கீறிச் சுரப்பியை எடுத்தார்கள், சுற்றியிருந்த கொழுப்பைக் குழாயால் உறிஞ்சினார்கள். "முழுசா எடுத்துடுங்க சேர்" என்றேன். அவர் சிரித்தார். காம்புக்கு அடியில் கொஞ்சம் விடாவிட்டால் அந்த இடம் குழி விழுந்துவிடுமாம்.

ஒப்பரேஷன் முடிந்து கண்டியிலிருந்து வீடு திரும்புகிற வழியைத்தான் நான் யோசிக்கவில்லை. கினிகத்தேனை வளைவுகளில் ஒவ்வொரு குலுக்கலும் நெஞ்சில் இடித்தது. ஒரு தலையணை கொண்டுபோய் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். கை தூக்க முடியாது, அதனால் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் சரி.

அப்புறம், ஒப்பரேஷனுக்குப் பிறகு நெஞ்சை அழுத்திப் பிடிக்கப் போடுகிற அந்த இறுக்கப் பெனியன். எனக்கு 6 வாரம், இரவும் பகலும். கட்டாயம் இரண்டு வாங்குங்கள். மூடுபனி நாளில் துணி காயவே காயாது. என்னுடையதை அம்மா அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டார், ஒன்றரை மாதம் நான் புகை நாற்றத்தோடு திரிந்தேன். டொக்டர் சரி என்னும்வரை விறகுக்கட்டு, கொழுந்து மூட்டை எதையும் தொடாதீர்கள். லயத்து, அதாவது தோட்ட வீட்டு வரிசையின், படி ஏறினால் பரவாயில்லை.

முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காம்பு மரத்துப்போவது வேறு விஷயம், அதற்கு மாதக்கணக்கு ஆகும். தழும்புக்கு அடியில் மறுபடி கெட்டியாகத் தட்டுப்பட்டபோது, திரும்ப வந்துவிட்டது என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆறுகிற சதைதான் அது. மூன்று மாதத்தில் இளகிவிட்டது.