பூஞ்சையின் ரைபோசோம் ஆர்.என்.ஏ மரபணுக்கள்: மாணவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

நெகட்டிவ் கன்ட்ரோல் (டிஎன்ஏ சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய்) வைக்காமல் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் முறை) ஓட்டுவது, குழாயில் பெயர் எழுத மறப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். நாங்கள் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே புதிதாக வருகிறவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வரும் பெயரை எழுதிவிடுவது

ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையில் இருக்கும் ஐடிஎஸ் பகுதியின் டிஎன்ஏ வரிசையை, வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் நிரலில் போடுகிறார்கள். மேலே நிற்கும் பெயர் ஆய்வேட்டில் ஏறிவிடுகிறது. 100 சதவீதம் பொருந்துகிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்கிறார்கள். பட்டியலைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தால் அதே 100 சதவீதத்தோடு வேறு இனங்களும் நிற்கும். அதில் சில, யாரோ தவறாகப் பெயரிட்டு ஜென்பேங்க் என்ற பொது வரிசைத் தரவுத்தளத்தில் ஏற்றியவை.

2012-இல் ஐடிஎஸ் பூஞ்சைகளின் பொது பார்கோடாக (இனத்தை அடையாளம் காட்டும் குறுகிய டிஎன்ஏ வரிசையாக) முன்மொழியப்பட்டபோதே, எல்லாப் பேரினங்களிலும் அது இனம் பிரிக்காது என்பது தெரியும். ஃபியூசேரியம் என்ற பேரினத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரே மரபணுத்தொகுதிக்குள் வெவ்வேறு மூதாதை வழியில் வந்த இரண்டு ஐடிஎஸ்2 (ஐடிஎஸ்ஸின் ஒரு பகுதி) வகைகள் இருப்பதை 1997-லேயே காட்டிவிட்டார்கள். ஓர் இனத்தில் ஒரு வகை ஓங்கியிருக்கும், நெருங்கிய இனத்தில் மற்றது. அதை வைத்து வரைந்த உறவு மரத்தை எப்படி நம்புவது?

ஒரு மாணவி ஐடிஎஸ்ஸை மட்டும் நம்பி ஃபியூசேரியம் ‘வெர்டிசிலியாய்ட்ஸ்’ என்று எழுதி, நோயூட்டும் சோதனை வரை முடித்துவிட்டார். மதிப்பாய்வாளர் டெஃப்1 என்ற வேறொரு மரபணுவின் வரிசையைக் கேட்டார். பார்த்தால் அது ‘புரொலிஃபரேட்டம்’. அட்டவணை, படம், விவாதம் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதாயிற்று. ஒரே ஒரு பிசிஆரை முதலிலேயே செய்திருந்தால் தீர்ந்திருக்கும்! இன்றும் எரிச்சலாக இருக்கிறது. ஃபியூசேரியம், டிரைக்கோடெர்மா என்றால் டெஃப்1. ஆஸ்பெர்ஜில்லஸ் என்றால் கால்மோடுலின். பெனிசிலியம் என்றால் பீட்டா டியூபுலின். ஐடிஎஸ் பேரினத்தைக் காட்டினால் போதும்.

இரட்டைச் சிகரங்களைக் கண்டதும் ‘கலப்படம்’ என்பது

வரிசை வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள் வந்தால் கலப்படமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே பூஞ்சைக்குள் இந்த மரபணுக்களின் பிரதிகள் பல உண்டு; அவை எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒற்றை வித்திலிருந்து மீண்டும் வளர்த்துப் பாருங்கள். அப்போதும் சிகரங்கள் வந்தால், பிரதிகளைத் தனித்தனியாகப் பார்க்க குளோன் செய்யுங்கள்.

ரீடு (கருவி படித்துத் தரும் டிஎன்ஏ வரிசைத் துண்டு) எண்ணிக்கையைப் பூஞ்சையின் அளவாக எண்ணுவது

ரொட்டி ஈஸ்ட்டிலேயே இந்த மரபணுத் தொகுப்பு சுமார் 150 பிரதிகள். வேறு பூஞ்சைகளில் சில பத்துகளும் உண்டு, ஆயிரத்துக்கு மேலும் உண்டு. ரீடு அதிகம் என்பதால் பூஞ்சையும் அதிகம் என்று ஆகாது.

97 சதவீத எல்லை

97 சதவீதமோ அதற்கு மேலோ ஒத்த வரிசைகளை ஒரே இனமாகக் கொள்வது வசதிக்கு வைத்தது.

18எஸ் (ரைபோசோம் ஆர்.என்.ஏ மரபணுக்களில் ஒன்று) பட்டை எதிர்பார்த்ததைவிட நீளமாக வந்தால்

உள்ளே இன்ட்ரான் (மரபணுவின் நடுவே இருந்து, பிறகு ஆர்.என்.ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டு) இருக்கலாம். வரிசையைப் பார்க்காமல் டிஎன்ஏவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.