க்னோமிலிருந்து எக்ஸ்எஃப்சிஇ: பழசை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டு லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம், அதில் ஓடுவது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். ப்ரௌசரில் நாலு டேப் திறந்தால் மவுஸ் நகரவே யோசிக்கும். "மாமா, இத தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாமா?" என்றான் அக்கா மகன். வேண்டாம்டா, டெஸ்க்டாப்பை, அதாவது மெனு, ஐகான், ஜன்னல்களைக் காட்டும் பகுதியை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். உபுண்டு 22.04 கேட்பதே 4 ஜிபி ராம், அதனால் அதோடு வரும் க்னோம் டெஸ்க்டாப் ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் 1996-ல் தொடங்கியது, இன்றைக்கும் பழைய மெஷினுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

கமாண்டுகளை உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள். முதலில் சுடோ ஆப்ட் அப்டேட். அப்புறம் சுடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்து, பின்னால் எக்ஸ்எஃப்சிஇ4 என்று போட்டால் டெஸ்க்டாப் மட்டும் வரும், சுபுண்டு-டெஸ்க்டாப் (எக்ஸ்எஃப்சிஇயோடு வரும் உபுண்டு வகை) என்று போட்டால் அதோடு வால்பேப்பர், ப்ளேயர், பூட் ஆகும்போது வரும் லோகோ வரைக்கும் எல்லாம் மாறிவிடும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். பையன் அழகாக இருக்கட்டும் என்று இரண்டாவதைக் கேட்டான், சரி என்று விட்டுவிட்டேன்.

அதில் பாதியில் ஒரு ஊதாத் திரை வந்து ஜிடிஎம்3 வேண்டுமா லைட்டிஎம் வேண்டுமா என்று கேட்கும். லாகின் திரையை யார் காட்டுவது என்பதுதான் கேள்வி, எதைத் தேர்ந்தாலும் இரண்டு டெஸ்க்டாப்புக்குள்ளும் போகலாம். அங்கே மவுஸ் வேலை செய்யாது என்பதால் ஹேங் ஆகிவிட்டது என்று பையன் பவர் பட்டனுக்கே கையைக் கொண்டுபோனான். அம்புக்குறியால் நகர்த்தி, டேப் அடித்து ஓகேக்குப் போய், என்டர் தட்டினால் போதும்.

எங்களுக்கு அதற்குப் பிறகு கரண்ட் போனது. அந்த லேப்டாப் பேட்டரி பேருக்குத்தான் இருக்கிறது, அப்படியே அணைந்தது. பயப்பட வேண்டாம்: திரும்ப ஆன் செய்து, திரை வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, கறுப்புத் திரையில் லாகின் செய்து, சுடோ டிபிகேஜி, இடைவெளி, இரண்டு கோடு ஒட்டி கான்ஃபிகர், இடைவெளி, ஒரு கோடு ஒட்டி ஏ. பாதியில் நின்றதைச் சரிசெய்யும், அப்புறம் அதே இன்ஸ்டால் கமாண்டை மறுபடி அடித்தால் மீதியும் வந்துவிடும்.

முடிந்ததும் ரீபூட். ஜிடிஎம்3-ல் பெயரைத் தட்டி பாஸ்வேர்டு கேட்கும்போதுதான் வலது கீழ் மூலையில் பல்சக்கரம் தெரியும், முன்னால் தேடினால் கிடைக்காது. அதில் எக்ஸ்எஃப்சிஇ செஷனைத் தேர்ந்துகொள்ளுங்கள். அடுத்த முறை அதுவே நினைவில் இருக்கும்.

நம்மாட்கள் பலரும் இடறும் இடம் தமிழ் டைப்பிங். க்னோமில் சூப்பர் (விண்டோஸ் படம் போட்ட கீ), ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்துத் தட்டினால் தமிழ் வந்தது, இங்கே ஒன்றும் வராது. தமிழில் அடிக்க உதவும் ஐபஸ்-எம்17என், அதைத் தேர்ந்தெடுக்க உதவும் இம்-கான்ஃபிக் இரண்டும் இருக்கிறதா பார்த்து, இல்லாவிட்டால் நிறுவி, இம்-கான்ஃபிக்கை ஓட்டி ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்துவிட்டு உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ்-செட்டப்பில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும். லாக்அவுட் செய்யாமல் "வரவில்லையே" என்று அரைமணி நேரம் முட்டியவன் நான்தான்.

மெனுவில் இரண்டு ஃபைல் மேனேஜர், இரண்டு டெர்மினல் என்று நிற்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் இரண்டு வாரம் அப்படியே ஓட்டுங்கள். வைஃபை, பிரிண்டர், ப்ரொஜெக்டர் எல்லாம் ஒருமுறை பார்த்த பிறகு க்னோமை நீக்கலாம். அப்போதும் ஆப்ட் ரிமூவ் க்னோம்-ஷெல் என்று அடித்ததும் வருகிற பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் ஒய் அழுத்த வேண்டும். நெட்வொர்க்-மேனேஜரோ எக்ஸ்எஃப்சிஇ என்று தொடங்கும் எதுவுமோ அதில் கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். ஜிடிஎம்3-ஐ எடுப்பதாக இருந்தால் லைட்டிஎம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இரண்டும் இல்லாவிட்டால் லாகின் திரையே வராது. இனி தேவையில்லை என்று ஆப்ட் நினைப்பதை நீக்கும் ஆட்டோரிமூவும் அப்படித்தான், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் நெட்டைப் பிடுங்கிவிட்டு, திரும்ப இறக்க வழியில்லாமல் உட்கார வைத்துவிடும்.

அக்கா வீட்டில் க்னோமை இன்னும் எடுக்கவில்லை. செஷன் ஆளுக்கு ஆள் தனியாக நினைவிருக்கும் என்பதால் பையன் கணக்கில் எக்ஸ்எஃப்சிஇ வருகிறது. அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகிற அந்தப் பெரிய ஐகான்கள்தான் வேண்டுமாம், மெதுவாக வந்தாலும் பரவாயில்லையாம்.