கார் ஆம்ப் வாங்கிவிட்டு ஒயரில் கோட்டை விடாதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் ஆம்ப், பாஸ் ஒலிக்கான சப்-வூஃபர் இரண்டுக்கும் கடை கடையாக ஏறி இறங்கி பேரம் பேசுபவர்கள், ஆம்பை பாட்டரியோடு இணைக்கும் ஒயரிங் கிட் என்று வந்ததும் ‘ஏதோ ஒண்ணு போட்டுக் கொடுங்க’ என்று விட்டுவிடுகிறார்கள். போட்ட காசு வீணாவது அங்கேதான்.

பாக்கெட்டில் ஒயரின் தடிமன் ‘4 கேஜ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மலிவு கிட் என்றால் உள்ளே பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பில் சுமார் 60 சதவீதம்தான். போதாததற்கு, தடித்த உறைக்குள் ஒல்லியான இழைகள். ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) உள்ள, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ்-டி ஆம்ப் 80 சதவீதத் திறனில் ஓடினால் 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 45 ஆம்பியர். இதற்கு 21 சதுர மி.மீ. சுத்தச் செம்பு வேண்டும். அசல் 4 கேஜ் என்பது அதுதான். பெட்டியில் விளம்பரத்துக்காக ஊதி அச்சடித்த பிஎம்பிஓ வாட் எண்ணை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

ஆம்புக்குப் போகும் பவர் ஒயரில் ஃப்யூஸ், பாட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ‘ஆம்பிலேயே ஃப்யூஸ் இருக்கே சார்’ என்பார் ஃபிட்டர். அது ஆம்பைக் காப்பாற்ற. இன்ஜின் பக்கமிருந்து கேபினுக்குள் ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் இழுத்த ஒயர், தகட்டு விளிம்பில் உரசி உரசி உறை கிழிந்து பாடியைத் தொட்டால், பாட்டரியின் மொத்தக் கரண்டும் அதன் வழியே பாயும். அப்போது ஆம்பிலுள்ள ஃப்யூஸுக்கு எதுவுமே தெரியாது. வண்டிதான் எரியும்.

அடுத்து எர்த், அதாவது ஆம்பின் நெகட்டிவை வண்டி பாடியோடு சேர்க்கும் ஒயர். ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஊய்ய்ய்’ என்று ஏறும் இரைச்சலுக்கு நாய்ஸ் ஃபில்டர் வாங்குவது வீண் செலவு. முதலில் எர்த்தைப் பாருங்கள். பவர் ஒயரின் அதே தடிமன், நீளம் 45 செ.மீ.க்குள், பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று தெரியும் தகட்டில் போல்ட், நட்டு, ஸ்டார் வாஷர். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டவே கூடாது. கடலோரமான திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் நிற்கும் வண்டியானால், முறுக்கி முடித்ததும் மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசுங்கள். உப்புக்காற்றுக்கு வெறும் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். பாட்டுச் சத்தமாக ஓடும்போது ஆம்பின் எர்த் முனைக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அதற்குப் பிறகும் இரைச்சல் இருந்தால், பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரும் பவர் ஒயரும் ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் போக வேண்டும்.

ஆம்பிலுள்ள கெயின் என்பது வால்யூம் திருகு அல்ல, வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. முழுக்கத் திருகினால் ஆம்ப் கிளிப் ஆகி (ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு), ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் கருகும். சப்-வூஃபருக்கு இப்படி வையுங்கள்: ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, பாஸ் பூஸ்ட்டை அணைத்து, ஹெட் யூனிட் (டேஷ்போர்டு ஸ்டீரியோ) வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுங்கள். மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டில் வைத்து ஆம்ப் அவுட்புட்டில் பிடியுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் இலக்கு. 300 வாட், 4 ஓம் என்றால் சுமார் 34.6 வோல்ட். கெயினை மெதுவாகத் திருகி, அதைத் தொட்டதும் நிறுத்துங்கள். கதவு ஸ்பீக்கருக்கு, கீழ் ஒலிகளைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் போதும். சின்னக் கோனிடம் பாஸ் கேட்பது அநியாயம்.

ஆம்பை சீட்டுக்கு அடியில் ஒளிப்பது பலருக்குப் பிடிக்கும். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் அதைச் செய்யாதீர்கள். தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது கார்பெட். மழையே இல்லாவிட்டாலும் ஏசி வடிகுழாய் அடைத்தால் அதே கதிதான். பின்சீட்டின் முதுகுப் பக்கம் மாட்டுங்கள். சப்-வூஃபர் பெட்டி மேலே திருகாதீர்கள். அதிர்வில் சால்டர் விடும்.

கதவுக்கு, தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டுவதாக இருந்தால் பியூட்டைல் ரப்பர் ஷீட்டாக வாங்குங்கள். கூரைக்குப் போடும் தார் ஷீட் மே மாத வெயிலில் இளகி வழியும், நாற்றமும் போகாது. வெளித்தகட்டில் கால்வாசி முதல் பாதி வரை மூடினாலே நல்ல பலன். உள்தகட்டில் இருக்கும் ஓட்டைகளை அடைப்பதுதான் பாஸை நிஜமாகவே கூட்டும். ஆனால் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் மேல் ஷீட் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அங்கேதான் வெளியேற வேண்டும்.