ஓய்வுக்காலக் கணக்கில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

நிதித் திட்டமிடல் சான்றிதழ் தேர்வில் சூத்திரம் தெரிந்தும் விடை தப்புவது பெரும்பாலும் ஓய்வுக்காலக் கணக்கில்தான். ஓய்வு பெறும் நாளில் கையில் எவ்வளவு தொகை இருக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள்.

முதலாண்டுச் செலவு 1,00,000. அது பணவீக்கத்தோடு உயர வேண்டும். காலம் 25 ஆண்டு, முதலீட்டின் வருமான விகிதம் 8%, பணவீக்கம் 5%. எட்டில் ஐந்தைக் கழித்து 3% என்று போடாதீர்கள். 1.08-ஐ 1.05-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் 2.857% வரும், அதுதான் பணவீக்கம் போக மிஞ்சும் உண்மை விகிதம். அதை இரண்டு தசமத்தோடு வெட்டாமல் அப்படியே கால்குலேட்டரில் ஏற்றுங்கள்.

அடுத்தது, பணம் எப்போது கைக்கு வருகிறது என்பது. செலவுப் பணம் ஆண்டுத் தொடக்கத்திலேயே தேவை. அதனால் கால்குலேட்டரின் 'பிகின்' (தொடக்கம்) முறையில் சுமார் 18.20 லட்சம் வேண்டும். ஆண்டுக் கடைசியில் பணம் எடுப்பதாகக் கொள்ளும் 'எண்ட்' முறையில் போட்டால் 17.69 லட்சம்தான் காட்டும். தேர்வில் இந்த இரண்டும் விருப்ப விடைகளாக இருக்கும், 'பிகின்' முறையில் 3% போட்டால் வரும் 17.94 லட்சமும் கூட! ஓய்வுக்கு முன் மாதக் கடைசியில் சேமிப்பதாகக் கேள்வி சொன்னால், அந்தப் பகுதிக்கு மறக்காமல் 'எண்ட்' முறைக்குத் திரும்புங்கள். பல கால்குலேட்டர்களில் பழைய எண்களை அழித்தாலும் இந்த முறை மாறாது. திரையில் 'பிகின்' முறையைக் காட்டும் 'பிஜிஎன்' தெரிகிறதா என்று ஒவ்வொரு கணக்குக்கும் முன் பாருங்கள்.

வட்டி விகிதம் கண்டுபிடிக்கும்போது பிழை காட்டினால், கையிலிருந்து வெளியே போகும் பணமான முதலீட்டுக்கு மைனஸ் குறி போட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.